அகலச் சாலை முடியும் இடம்

2024 ஜூலை 8, அதிகாலை. புனே நகரின் போபோடியில், ஹாரிஸ் பாலத்துக்குப் பக்கத்தில், இரவு ரோந்தில் இருந்த இரண்டு போலீஸ்காரர்களின் மோட்டார் சைக்கிள் மீது வேகமாக வந்த கார் ஒன்று மோதியது. ஒருவர் இறந்துபோனார். மற்றவருக்குப் பலத்த காயம். கார் நிற்கவில்லை. ஓட்டியவரைப் பிறகு தேடிப் பிடித்தார்கள்.

அதற்கு ஏழு வாரம் முன்பு, மே 19 அதிகாலையில், இதே நகரின் கல்யாணி நகரில் இன்னொரு மோதல் நடந்திருந்தது. பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற இரண்டு இளம் மென்பொறியாளர்கள் இறந்தார்கள். இருவரும் மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். சாலை விபத்து பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து, அன்றே அந்தச் சிறுவனுக்கு ஜாமீன் கிடைத்தது. நாடே கொதித்தது. ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைதானார்கள்.

கார் போர்ஷே என்பதாலும், இறந்தவர் போலீஸ் என்பதாலும் இந்த இரண்டு விபத்துகளும் தலைப்புச் செய்தியாயின. மற்ற மரணங்களுக்குப் பத்திரிகையில் இரண்டு வரிதான் கிடைக்கும். ‘பைக் சறுக்கி டிவைடரில் மோதியதில் இளைஞர் பலி.’ ‘லாரிச் சக்கரத்தில் சிக்கி ஸ்கூட்டரில் சென்ற பெண் சாவு.’ பணக்காரப் பையனும் இல்லை, தப்பியோடிய குற்றவாளியும் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த இரண்டு வரி மரணங்களைப் பற்றியது. அவற்றைப் புரிந்துகொள்ள போபோடியைவிடத் தோதான இடம் குறைவு.

பழைய மும்பை–புனே சாலையில் நிக்டியிலிருந்து கிளம்பினால் ஆகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ரி, காசர்வாடி, புகேவாடி என்று தாபோடி வரை சுமார் 12 கிலோமீட்டருக்கு சாலை விரிந்து கிடக்கும். பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சி அதை 61 மீட்டர் அகலத்துக்கு அமைத்தது. நடுவில் விரைவுத் தடம், ஓரத்தில் சர்வீஸ் ரோடு, சந்திப்புகளில் சுரங்கப் பாதைகள், பஸ்ஸுக்குத் தனித் தடம். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி பாயும். பிறகு முலா ஆறு வருகிறது. பிரிட்டிஷ் காலத்து ஹாரிஸ் பாலமும், நெரிசலுக்காகப் பின்னாளில் அதனருகே கட்டிய பாலங்களும் ஆற்றைக் கடக்கின்றன. கடந்தால் போபோடி. இங்கிருந்து புனே மாநகராட்சி.

அகலமும் அத்தோடு முடிந்துபோகிறது. கடைகளும் வீடுகளும் சாலையை நெருக்கி நிற்கின்றன. ஔந்த் பக்கம் திரும்புகிறவர்களும் சிவாஜி நகருக்கு நேரே போகிறவர்களும் போபோடி சவுக் சந்திப்பில் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொள்கிறார்கள். நடுவில் மெட்ரோ தூண்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் இங்கே மெட்ரோ ரயில் நின்று போகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தகரத் தடுப்புகளும் இரும்புத் தகடுகளும் ஜல்லியுமாக இந்தச் சாலை கிடந்தது. சற்றுத் தள்ளி கட்கி, பழைய தமிழர்கள் இன்னும் கிர்க்கி என்று சொல்லும் ராணுவக் குடியிருப்பு. அங்கே நிலம் ராணுவத்துடையது, நிர்வாகம் கண்டோன்மென்ட் வாரியத்துடையது. இந்தப் பகுதியில் சாலையை அகலப்படுத்தும் வேலை ராணுவ நிலம், குடியிருப்பு, வழக்கு என்று பல ஆண்டுகள் இழுபட்டுத் துண்டு துண்டாக நடந்தது. தாபோடியில் விழுந்தால் பிம்ப்ரி–சிஞ்ச்வட் போலீஸ். ஆற்றுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் புனே போலீஸ்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒருவர் ஆற்றைக் கடந்த அரை நிமிடத்துக்குள் முப்பதுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கச் சொல்லி அவருக்கு எது உணர்த்துகிறது? ஒரு பலகை போதாது. அகலச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டிய கைக்கு அறுபது என்பது நாற்பது போலத்தான் தோன்றும். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கிய அனுபவம் உள்ள யாருக்கும் இது தெரியும். தடம் மெல்ல மெல்லக் குறுகி, தரையின் தன்மை மாறி, தூரத்திலேயே வெளிச்சம் மாறி, சாலையே ஓட்டுகிறவரின் வேகத்தைக் கழற்றி எடுக்க வேண்டும். இரண்டு நிர்வாகங்கள் தத்தம் எல்லை வரை போட்டுக்கொண்டு வந்த சாலையில் அந்த வேலை யாருடையது?

கணக்கையும் பார்த்துவிடலாம். அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். எதிரே ஒருவர் குறுக்கிட்டதைக் கண்டு, மூளைக்கு எட்டி, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகும். அதற்குள் ஒரு பஸ்ஸைவிட நீளமான தூரம் போய்விட்டிருக்கும். அதன் பிறகு நல்ல டயரும் உலர்ந்த தாரும் இருந்தால் இன்னும் 24 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் நாற்பது மீட்டர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் மொத்தமே 22 மீட்டர்தான். ஜூன் மாதம் முதல் மழை விழுந்து, சாலையில் படிந்திருந்த எண்ணெய் மிதக்கும்போது அறுபதில் வருகிறவருக்கு ஐம்பது மீட்டரும் போதாது. இரண்டு சக்கரத்தில் பிடிப்பு நழுவினால் வண்டி நேராக நிற்பதில்லை, சாய்ந்து விழுகிறது. விழுந்தவருக்குப் பின்னால் என்ன வந்துகொண்டிருந்தது என்பதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கிறது. சாலையைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி காருக்கு ஓர் அதிர்வு. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத்துக்கு அது சுவர்.

‘அதிவேகம்’ என்ற ஒற்றைக் காரணம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் அந்த ஆண்டு 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அதாவது நூற்றுக்கு 44.5 பேர். மகாராஷ்டிரத்தில் எல்லா வாகனங்களும் சேர்த்து இறந்தவர்கள் 15,224. தமிழ்நாட்டில் 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம்: 64,105.

அதே அறிக்கை, இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேரின் மரணத்துக்குக் காரணம் அதிவேகம் என்கிறது. இந்த எண்ணை மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். இது எப்படி வருகிறது என்று யோசிக்க வேண்டும். விபத்து நடந்த இடத்துக்கு ஒரு காவலர் போகிறார். அவருக்கு முதல் வேலை காயப்பட்டவரை அனுப்புவது, அடுத்தது போக்குவரத்தைச் சரிசெய்வது. வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்று அளக்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. வளைவின் கோணத்தை, வெளிச்சத்தின் அளவை, தார் தேய்ந்திருப்பதைப் பதிவு செய்ய அவருக்குப் பயிற்சியும் இல்லை. படிவத்தில் விதிமீறல் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற தொடர் சட்டப் பிரிவிலேயே ஏறக்குறைய தயாராக இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106. எழுதி முடித்தால் கோப்பு மூடிவிடும். இறந்தவரே குற்றவாளியாகவும் இருந்துவிட்டால் இன்னும் வசதி.

வேகம் கொல்வதில்லை என்று சொல்ல வரவில்லை. கொல்கிறது. ஆனால் அந்த வேகத்தை அழைத்த சாலையை, அணைந்திருந்த விளக்கை, மூடப்படாத குழியை எழுத இடமில்லாத படிவம், அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருவர் விழுவதற்கு வழி செய்கிறது. ஐநூறு மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் நிகழ்ந்தால்தான் அந்த இடம் கரும்புள்ளி என்று அரசுப் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறுவதற்கே ஐந்து கோர விபத்தோ பத்து பிணமோ வேண்டும் என்று ஒரு விதி இருப்பதை எந்தச் சமாதானமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இதை மாற்ற ஒரு நல்ல தொடக்கம் சென்னையிலிருந்து வந்தது. ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்த ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், ஐராட், முதலில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. காவலர் கைபேசியில் படத்தோடு விபத்தைப் பதிவு செய்வார்; இடம் வரைபடத்தில் ஏறும்; நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை, மருத்துவமனை ஆகியவையும் தத்தம் பங்கை நிரப்ப வேண்டும். சாலைப் பொறியாளர் வந்து பார்த்து எழுதும் அந்தப் பகுதிதான் இதன் உயிர். அது உண்மையாக நிரப்பப்படுகிற ஊர்களில் ‘அதிவேகம்’ என்ற ஒற்றைக் காரணம் உடைந்து நாலைந்து காரணங்களாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வண்டி செய்த ஊர்

போபோடி சவுக்கில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இரு சக்கர வண்டிகள்தான். பிம்ப்ரி, போசரி ஆலைகளுக்குப் போகிறவர்கள், ஹிஞ்ஜவடி ஐடி பூங்காவுக்குப் போகிறவர்கள், முதுகில் சதுரப் பையோடு சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள், முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையுமாகப் பள்ளிக்கு விரையும் தாய்மார்கள்.

ஒரு காலத்தில் புனேவைச் சைக்கிள் நகரம் என்பார்கள். அந்த நகரத்தை மோட்டார் வண்டி நகரமாக்கியதில் இந்தச் சாலைக்கும் பங்கு உண்டு. பஜாஜ் ஆட்டோவின் ஆகுர்டி ஆலை இதே பழைய மும்பை–புனே சாலையில்தான் இருக்கிறது. 1972இல் பஜாஜ் சேதக் வந்தது. அதே ஆண்டு புனேயின் கைனெடிக் நிறுவனம் லூனாவைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் டிவிஎஸ் 50 செய்ததை மகாராஷ்டிரத்தில் லூனா செய்தது: சைக்கிளுக்கு அடுத்து இன்னொரு படி உண்டு என்று சம்பளக்காரக் குடும்பத்துக்குக் காட்டியது. அது விடுதலைதான். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடலாம், இரவு ஷிஃப்ட் முடிந்து சொந்த வண்டியில் வீடு திரும்பலாம்.

ஊர் பெருத்த வேகத்துக்குப் பஸ்கள் பெருகவில்லை. புனே, பிம்ப்ரி–சிஞ்ச்வட் இரண்டுக்கும் சேர்த்து 2007இல் பிஎம்பிஎம்எல் என்ற ஒரே பஸ் நிறுவனம் அமைந்தது. தேவைக்கும் பஸ்ஸுக்கும் இடையிலான இடைவெளி மட்டும் மூடவில்லை. ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நிற்க வைக்கும் நகரம், ஒரு மனிதனைத் தவணையில் பைக் வாங்க வைக்கிறது. மெட்ரோ வந்த பிறகும் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக மறுபடி வண்டி வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டாயத்தை விட்டுவிட்டு ‘பொறுப்பற்ற இளைஞர்கள்’ என்று மட்டும் பேசுகிறவர்கள் பிரச்சினையின் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆலையிலிருந்து இரவு பதினொன்றரைக்கு வெளியே வருகிறவர் பந்தயம் ஓட்டவில்லை, தூக்கத்தோடு போராடுகிறார். நேரத்துக்குள் சேர்க்காவிட்டால் வருமானம் குறையுமென்று பயப்படும் டெலிவரி பையனுக்கு எதிர்த்திசையில் நூறு மீட்டர் போவது சாகசமாகத் தெரியவில்லை, கூலியாகத் தெரிகிறது.

இதே நகரத்தில்தான் ஹெல்மெட்டுக்கு எதிராக ஊர்வலமும் நடந்தது. 2019 ஜனவரி 1 முதல் போலீஸ் கமிஷனர் கே. வெங்கடேசம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, எதிர்ப்புக் குழு அமைத்து, தலையில் புணேரிப் பகடி என்னும் தலைப்பாகையோடு வண்டி ஓட்டிப் போராடினார்கள். பொறுப்பான குடிமக்கள், பல கட்சிக்காரர்கள், மூத்தவர்கள். நகர நெரிசலில் முப்பதுக்கு மேல் போகவே முடியாது, கழுத்து வலிக்கிறது, ஹாரன் கேட்கவில்லை, முதலில் சாலையைச் சரிசெய்யுங்கள் என்பது அவர்கள் வாதம்.

கடைசி வாதம் நியாயம். மற்றவை உயிரைக் குடிக்கும் வாதங்கள் என்றே சொல்வேன். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சாய்ந்தாலும் தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதுகிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் டிவைடரில் போய் இடிப்பது, இரண்டாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 அளவும் தலைக்காய அபாயத்தை 69 அளவும் குறைக்கிறது என்று கண்டது. 2022இல் ஹெல்மெட் போடாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

பின்னால் உட்கார்ந்தவர் யார்? பெரும்பாலும் மனைவி, தாய், தங்கை. கணவர் தலையில் ஹெல்மெட், பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த மனைவி தலையில் பூ. இது போபோடியிலும் பார்க்கலாம், பொள்ளாச்சியிலும் பார்க்கலாம். வேகத்தடையில் தூக்கிப்போட்டால் ஒருக்களித்து உட்கார்ந்தவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. பின்தலை அடிபட விழுவார். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கும் தலைக்கவசமும் ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் இருக்கிறது. குழந்தைக்கு ஹெல்மெட் விற்கும் கடை எத்தனை பேருக்குத் தெரியும்?

நடைபாதையில் இருநூறு ரூபாய்க்கு விற்கும் தொப்பியும் ஹெல்மெட் அல்ல. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். உள்ளே தடிமனான தெர்மாகோல் அடுக்கு இருக்க வேண்டும். அது நொறுங்கித்தான் மண்டையைக் காப்பாற்றுகிறது. தாடைக்கு அடியில் பட்டையைப் பூட்டாவிட்டால் ஹெல்மெட் தலைக்கு முன்பே சாலையைச் சேர்ந்துவிடும்.

உயிர் தப்பியவர்கள்

இறந்தவர் கணக்கையாவது அரசு வைத்திருக்கிறது. பிழைத்தவர்களின் பிந்தைய வாழ்க்கைக்குக் கணக்கே கிடையாது.

பைக் விபத்துக்கென்றே சில காயங்கள் உண்டு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் தசை கிடையாது, தோல் மட்டும்தான். காரின் பம்பர் நேரே அங்கேதான் இடிக்கிறது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து சாலை மண்ணைத் தொட்டுவிட்டால், காலைக் காப்பாற்றுவதற்கே பல அறுவை சிகிச்சைகள் ஆகும்.

இன்னொன்று பலர் கேள்விப்படாதது. தூக்கி வீசப்பட்டவர் தோள்பட்டை தரையில் பட விழும்போது, தலை மறுபக்கம் வெட்டி இழுக்கப்படுகிறது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை, பிரேக்கியல் பிளெக்ஸஸ், அந்த இழுப்பில் நைந்துபோகும்; சிலருக்குத் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. கை மட்டும் உயிரில்லாமல் தொங்கும், உள்ளே நெருப்பாய் எரியும். அடிபட்ட மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் நரம்பு அறுவை சிகிச்சை செய்தால் ஓரளவு மீட்கலாம். ஓராண்டு தாண்டினால் தசையே வீணாகிவிடும். முறிந்த எலும்பு கூடட்டும், கை தானாக வரும் என்று காத்திருந்து காலத்தைத் தவறவிடும் குடும்பங்கள் ஏராளம். இருபத்திரண்டு வயதில் வலது கையை இழந்த ஒரு லேத் ஆபரேட்டருக்கு எந்த ஆலையில் வேலை?

இந்தக் காயங்களை நாள்தோறும் தைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் மருத்துவர்தான் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30ஆம் தேதித் தீர்ப்பு, மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு, விபத்துச் சிகிச்சை மையம், சாலைத் தணிக்கை என்று மாநிலங்களுக்கு வரிசையாக உத்தரவிட்டது. காலை அறுத்து எடுக்கும் மேஜையிலிருந்து அந்தக் கால் உடைந்த சாலை வரை யோசித்த டாக்டருக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது.

அடிபட்டவர் அருகில் நிற்கும் கூட்டத்துக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. 2016 மார்ச் 30 முதல், விபத்தில் சிக்கியவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் போலீஸோ மருத்துவமனையோ பெயர் கேட்டு, சாட்சிக்கு இழுத்து, பணம் கட்டச் சொல்லித் தொல்லை செய்யக் கூடாது. 2019இல் அது 134ஏ பிரிவாகச் சட்டத்திலேயே ஏறியது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், எந்த மாநிலத்தவராக இருந்தாலும் தமிழக எல்லைக்குள் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அந்த வழியில் மத்திய அரசும் 2025 மே 5 முதல் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சையை அறிவித்திருக்கிறது. போபோடியில் விழுந்தவருக்கும் அது உண்டு. கையில் பணமில்லை என்று திருப்பி அனுப்பும் மருத்துவமனையிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு உயிருக்கு எத்தனை ரூபாய்

கட்கியிலும் போபோடியிலும் ராணுவத் தொழிற்சாலை, ரயில்வே, கட்டட வேலை என்று வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. நேற்று வந்து அறை எடுத்துத் தங்கும் பையன்களும் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் எஃப்.ஐ.ஆரும், விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதும் பஞ்சநாமாவும் மராத்தியில் இருக்கும். உடலை ஊருக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் அவற்றின் நகலைக்கூட வாங்காமல் புறப்பட்டுவிடுகிறார்கள். அதனால் இழப்பது எவ்வளவு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இருபத்தெட்டு வயது, மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கும் ஒருவர். நிரந்தர வேலை இல்லை. மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். லாரி மோதி இறந்துவிட்டார். தப்பு லாரி மேல். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்கால வளர்ச்சிக்கு நாற்பது சதவீதம் கூட்டினால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 2,52,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கு எண் 17. ஆக, 42,84,000 ரூபாய். ஈமச் செலவு முதலியவை தனி. லாரியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இதைத் தர வேண்டும். வருமானத்துக்குச் சான்று இல்லையென்றால் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்கிடுவார்கள், தொகை பாதியாகச் சரியும். சம்பளம் கையில் வாங்குகிறவர்கள் அதை வங்கியில் போட்டு எடுப்பது இதற்காகவாவது நல்லது.

வழக்கைப் புனேயில்தான் நடத்த வேண்டும் என்பதில்லை. குடும்பம் வசிக்கும் ஊர் எதுவோ, சேலமோ விழுப்புரமோ, அங்குள்ள தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஆனால் 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போய்விட்டால் அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அவ்வளவுதான்.

அதே மனிதர் குழியில் இறங்கி, தானே சறுக்கி விழுந்து இறந்திருந்தால்? மோதிய வண்டி இல்லை, கொடுக்க இன்சூரன்ஸ் இல்லை. வண்டி அவர் பேரில் இருந்து, லைசென்ஸ் இருந்து, உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் கட்டியிருந்தால் 15 லட்சம் கிடைக்கும். நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவருக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. அறைத் தோழன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் விழுந்த எத்தனையோ பையன்களின் பெற்றோர் வெறுங்கையோடு நிற்பது இதனால்தான்.

குழி வெட்டியவருக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? 2019 திருத்தத்தில் 198ஏ என்ற பிரிவு. சாலையைத் தரமாக அமைக்கத் தவறி அதனால் உயிர் போனால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பானவர்களுக்கும் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். அதுவும் அரசு நிதிக்குப் போகும், குடும்பத்துக்கு அல்ல. ஹெல்மெட் போடாதவனுக்கு ஆயிரம் ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் பறிப்பு. தவணை கட்டும் டெலிவரி பையனுக்கு மூன்று மாதம் என்பது பிழைப்பே போவது. ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் என்பது ஒரு பில்லில் கழியும் தொகை. இந்தத் தராசை வைத்துக்கொண்டு மக்களிடம் விதியை மதிக்கச் சொல்வது கடினம்.

முடியாத காரியம் எதுவும் இங்கே இல்லை. தமிழ்நாட்டில் 2016இல் 17,218 பேர் சாலையில் இறந்தார்கள். 2018இல் 12,216. 2019இல் 10,525. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 6,700 உயிர் குறைந்தது. ஹெல்மெட் சோதனை, ஆபத்தான சந்திப்புகளைத் திருத்தியது, 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தைக் குறைத்தது என்று பல துறைகள் ஒன்றாக நின்ற காலம் அது. 2022இல் எண்ணிக்கை மறுபடி 17,884. கவனம் தளர்ந்தால் சாலை அதே வேகத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

மகாராஷ்டிரத்தில் இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம், சாலைக் குழியாலோ திறந்து கிடக்கும் சாக்கடைக் குழியாலோ ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம், காயத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்து 50,000 முதல் 2.5 லட்சம் வரை, அந்தச் சாலைக்குப் பொறுப்பான அமைப்பு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கோரிக்கை வந்த ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். பிறகு அந்தத் தொகையைத் தவறு செய்த அதிகாரியிடமிருந்தும் ஒப்பந்ததாரரிடமிருந்தும் வசூலித்துக்கொள்ளலாம். இதற்கெனக் குழுக்கள் அமைய வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் அதில் பங்குபெறும்.

ஹாரிஸ் பாலத்தில் ஒருவர் குழியில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது புனேயா, பிம்ப்ரி–சிஞ்ச்வட்டா? கட்கி எல்லையில் விழுந்தால் கண்டோன்மென்ட்டா, மாநகராட்சியா? இந்த உத்தரவு போபோடிக்கு வந்து சேரும்போது முதல் சச்சரவு அதில்தான் கிளம்பும். ஆகவே புனேயில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கட்டும். ஆள் விழுந்து பலியான குழியை இரண்டொரு நாளில் ஜல்லி கொட்டி மூடிவிடுவார்கள். மூடும் முன்பே, பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையோ மெட்ரோ தூணின் எண்ணோ தெரியும்படி, தேதியோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பஞ்சநாமாவில் குழியின் பேச்சு இருக்கிறதா என்று மராத்தி தெரிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லி, இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன்பு எழுதச் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே ஊருக்கு வண்டி ஏற வேண்டும்.